மண்புழு இனங்களைக் கண்டறிதலும் வகைப்படுத்தலும்: கோட்டக்குப்பம்–மரக்காணம் கடற்கரை

மண்புழு வகைப்பாடு என்பது வளையுடலிகள் தொகுதியைச் சேர்ந்த மண்புழுக்களைச் சேகரித்து, உடலமைப்பாலும் மரபணுவாலும் இனம் பிரித்து, பெயரிட்டு ஆவணப்படுத்தும் விலங்கியல் பிரிவு ஆகும். தமிழில் இவ்வுயிருக்கு நாங்கூழ் என்ற பழம்பெயரும் உண்டு. உலகில் 5,000-க்கும் மேற்பட்ட இனங்களும் இந்தியாவில் 400-க்கும் மேற்பட்ட இனங்களும் இதுவரை பெயர் பெற்றுள்ளன. நிறமும் நீளமும் ஓர் இனத்துக்குள்ளேயே மாறுபடுவதால், பெரும்பாலான மண்புழுக்களை அறுத்துப் பார்க்காமல் உறுதியாக இனம் சொல்ல முடியாது.

நிலமும் வாழிடமும்

கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது. அங்கிருந்து மரக்காணம் வரையிலான நிலப்பட்டையில் சில கிலோமீட்டருக்குள் மண் பலமுறை மாறுகிறது. கடலோரம் மணல்; உட்புறம் சவுக்கும் முந்திரியும் வளரும் செம்மண் மேடு; வடக்கே களிமண் படிந்த கழுவெளி ஏரி; அதை ஒட்டி மரக்காணம் உப்பளங்கள். கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமாகவும் 2024-இல் ராம்சர் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

மண்புழு ஈரமான தோல் வழியாகவே சுவாசிக்கிறது. உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் பெரும்பாலான இனங்கள் உவர்நிலத்தை அண்டுவதில்லை. இதற்கு விலக்கானது போன்டோட்ரிலஸ் லிட்டோராலிஸ். அலையோரத்தில் மட்கும் கடற்பாசிக் குவியலின் அடியிலும், கழிமுகச் சேற்றிலும், அலையாத்தி வேர்களிடையிலும் இது வாழ்கிறது. இந்தியக் கடற்கரைகள் உட்பட வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் பதிவாகியுள்ளது. தொந்தரவு செய்தால் ஒளிரும் நீரைச் சுரப்பது இதன் இன்னொரு தனித்தன்மை.

பெயரும் பிறப்பிடமும்

ஓர் இனத்தின் அறிவியல் பெயர், அது முதலில் எங்கே பிடிபட்டது என்பதைச் சொல்லலாம். எங்கே தோன்றியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தமிழக விளைநிலங்களில் மிகப் பரவலான லாம்பிட்டோ மாரிட்டி இதற்குச் சான்று. தமிழக மேல்நிலைப் பள்ளி விலங்கியல் பாடநூல் மண்புழுவுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வதும் இதையே. இதன் தாயகம் இந்திய நிலப்பரப்பு. ஆனால் ஸ்வீடன் விலங்கியலாளர் கின்பெர்க் 1867-இல் பெயரிட்டபோது அவர் கையில் இருந்தது மொரீசியஸ் தீவில் கிடைத்த புழு. மனிதரோடும் செடிகளின் வேர்மண்ணோடும் தீவுக்குச் சென்ற உயிர், தீவின் பெயரையே சுமக்க நேர்ந்தது. பிற்பாடு மெகாஸ்கோலெக்ஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டு, மீண்டும் லாம்பிட்டோவுக்கே திரும்பியது. பழைய இந்திய ஆய்வுகளில் மெகாஸ்கோலெக்ஸ் மாரிட்டி என்று காணப்படுவது இப்புழுவே. போன்டோட்ரிலஸ் லிட்டோராலிஸுக்கோ, 1855-இல் குரூபே என்ற ஜெர்மானியர் மத்தியதரைக் கடலோரத்தில் கிடைத்த புழுவை வைத்துப் பெயரிட்டார்.

தென்னிந்திய ஆய்வு வரலாறு

சென்னை மாநிலக் கல்லூரியில் உயிரியல் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் கிப்ஸ் போர்ன், நீலகிரி, சேர்வராயன் மலைகளின் மண்புழுக்களைப் பற்றி 1886-இல் கட்டுரை வெளியிட்டார். ஹாம்பர்க் அருங்காட்சியகத்தின் வில்ஹெல்ம் மிக்கேல்சன் 1900-இல் உலக மண்புழுக்களைத் தொகுத்தபோது, தென்னிந்தியாவில் மிகுந்து காணப்படும் ஒரு பேரினத்துக்கு, திராவிடம் என்னும் சொல்லிலிருந்து டிராவிடா என்று பெயர் வைத்தார். போர்ன் நீலகிரியில் கண்ட பெரும் புழு இன்று டிராவிடா கிராண்டிஸ் எனப்படுகிறது. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் பெயரும் ஆக்டோகீட்டோனா தர்ஸ்டோனி என்ற இனத்தில் நிலைத்துள்ளது.

இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஜான் ஸ்டீபன்சன் 1923-இல் எழுதிய பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசை நூல் நெடுங்காலம் அடிப்படைக் கையேடாக விளங்கியது. ரங்கூன் ஜட்சன் கல்லூரியின் ஜி. இ. கேட்ஸ் பர்மா, இந்திய இனங்களைத் திருத்தி வகைப்படுத்தினார். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் ஜே. எம். ஜுல்கா 1988-இல் ஆக்டோகீட்டிடே குடும்பம் பற்றிய விரிவான நூலை வெளியிட்டார்.

இனம் காணும் முறை

இக்கடற்கரைக்கு மழை தருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை. மண் நனைந்து புழுக்கள் மேலே வரும் அக்டோபர்–டிசம்பர் மாதங்களே சேகரிப்புக்கு ஏற்றவை. குறித்த அளவு மண்ணை வெட்டி எடுத்து, கட்டிகளைக் கையால் உதிர்த்துத் தேடுவது வழக்கமான முறை. பிடித்த புழுவை நீர்த்த ஆல்கஹாலில் மயக்கி, நேராக நீட்டி, ஃபார்மலினில் பதப்படுத்துவர். மரபணு ஆய்வுக்கு உரியவற்றை அடர் எத்தனாலில் வைப்பர், ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும்.

முதலில் பார்ப்பது, முதிர்ந்த புழுவின் முன்பகுதியில் பட்டைபோல் தடித்திருக்கும் கிளைடெல்லம். இது உருவாகாத இளம் புழுவை இன அளவில் அடையாளம் காண்பது கடினம். அடுத்து கண்டங்களில் உள்ள சீட்டா எனப்படும் நுண்முட்களின் வரிசையும், இனப்பெருக்கத் துளைகளின் இடமும் குறிக்கப்படும். பின்னர் முதுகுப் பக்கம் கீறி, அரைவைப்பை, விந்துகொள் பை, புராஸ்டேட் சுரப்பி, கழிவுநீக்க உறுப்புகள் ஆகியவை எந்தெந்தக் கண்டத்தில் உள்ளன என்று எண்ணப்படும்.

முன் சொன்ன மூன்று வகைகளை ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கையின் பயன் விளங்கும். லாம்பிட்டோ மாரிட்டியில் சீட்டாக்கள் கண்டத்தைச் சுற்றி வளையமாக அமைந்துள்ளன. கிளைடெல்லம் 14 முதல் 17 வரையிலான கண்டங்களில். ஆண் துளைகள் 18-ஆம் கண்டத்தில். விந்துகொள் பைகள் மூன்று இணை. டிராவிடாவில் கண்டத்துக்கு எட்டே சீட்டாக்கள். ஆண் துளைகள் 10, 11-ஆம் கண்டங்களுக்கு இடையே. விந்துகொள் பை ஒரே இணை. அரைவைப்பைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, மணிகள்போல் அடுத்தடுத்து அமைந்தவை. அதன் குடும்பமான மோனிலிகாஸ்ட்ரிடேயின் பெயரில் கழுத்துமாலையைக் குறிக்கும் லத்தீன் சொல் இருப்பதற்கு இந்த அமைப்பே காரணம்.

போன்டோட்ரிலஸிலும் கண்டத்துக்கு எட்டுச் சீட்டாக்களே. அதை மட்டும் பார்ப்பவர் டிராவிடாவின் பக்கம் சேர்த்துவிடலாம். ஆனால் அதன் ஆண் துளைகள், புராஸ்டேட் சுரப்பியோடு, 18-ஆம் கண்டத்தில் உள்ளன. ஆகவே அது லாம்பிட்டோவின் மெகாஸ்கோலெசிடே குடும்பத்தில் வைக்கப்படுகிறது.

மரபணுச் சான்று

மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.1 மரபணுவில் ஏறத்தாழ 658 இணைகள் கொண்ட பகுதியை ஒப்பிடுவது டி.என்.ஏ. பட்டைக்குறி முறை. லின்னேயஸ் 1758-இல் பெயரிட்ட லும்பிரிக்கஸ் டெரஸ்ட்ரிஸ் என்று கருதப்பட்டவற்றுள் இரண்டு இனங்கள் கலந்திருந்ததை இம்முறை 2010-இல் காட்டியது. வெப்பமண்டலமெங்கும் பரவியுள்ள பொன்டோஸ்கோலெக்ஸ் கொரெத்ரூரஸ் என்ற பெயரின்கீழும் ஒரே தோற்றமுடைய பல இனங்கள் இருப்பது 2018-இல் தெரியவந்தது. மரபணு, புழுவின் வெறும் துண்டையும் இளம் புழுவையும் அடையாளம் காட்ட உதவும். எனினும் ஒப்பிடச் சரியாக இனம் கண்ட மாதிரி ஒன்று முன்பே இருந்தாக வேண்டும்.

புதிய இனத்தை அறிவித்தல்

சர்வதேச விலங்குப் பெயரிடல் விதிநூலின்படி, புதிய இனத்துக்கு விளக்கம் வெளியிடப்பட வேண்டும். ஒரு மாதிரி அப்பெயரின் நிலையான சான்றாகக் குறிக்கப்பட வேண்டும். அருங்காட்சியகத்தில் காக்கப்படும் அந்தப் புழுவே பிற்காலத் தகராறுகளைத் தீர்க்கும். கேரளப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து 2017-இல் அறிவிக்கப்பட்ட டிராவிடா பாலிடைவர்ட்டிகுலேட்டா, டிராவிடா தாமசி ஆகியவை அண்மைய எடுத்துக்காட்டுகள். முதலாவதன் பெயர் விந்துகொள் பையை ஒட்டிய பல கிளைப்பைகளிலிருந்து வந்தது.

பயன்பாடு

இனம் அறிவது விவசாயத்துக்கும் தேவை. மண்புழு உரத் தொட்டிகளில் வளர்க்கப்படும் யூட்ரிலஸ் யூஜினியே ஆப்பிரிக்காவையும் ஐசெனியா ஃபெட்டிடா ஐரோப்பாவையும் சேர்ந்தவை. குப்பையிலும் சாணத்திலும் பெருகுபவை. வயல் மண்ணைத் துளைத்துக் கிளறி, மேற்பரப்பில் எச்சம் குவிக்கும் வேலையை லாம்பிட்டோ போன்ற உள்ளூர் இனங்கள் செய்கின்றன. தொட்டிப் புழுவை வயலில் விடுவதால் வயல் புழுவின் இடம் நிரம்பிவிடாது.