மஞ்சள் தேயிலை: குறையிலிருந்து பிறந்த கலை



தேயிலை என்றதும் பாலும் சீனியும் கலந்து நாம் அருந்தும் கறுப்புத் தேயிலையே நினைவுக்கு வரும். பச்சைத் தேயிலையையும் பலர் அறிவீர்கள். மஞ்சள் தேயிலையைக் கண்டவரோ மிகச் சிலர். அது சீனாவின் அரிய தேயிலை வகைகளுள் ஒன்று.

இம்மூன்றும் ஒரே இனச் செடியின் கொழுந்துகளே. வேறுபாடு பக்குவத்தில் இருக்கிறது. பறித்த இலையைக் கசக்கிக் காற்றாட விட்டால், நறுக்கிய ஆப்பிள் நிறம் மாறுவதுபோல் கருத்துவிடும். அது கறுப்புத் தேயிலை. பறித்தவுடன் சட்டியில் வதக்கி உலர்த்தினால் பச்சை நிறம் நிலைத்து நிற்கும். மஞ்சள் தேயிலையையும் முதலில் வதக்குகிறார்கள். ஆனால் உடனே முழுவதும் உலர்த்துவதில்லை. சூடும் ஈரமும் இருக்கும்போதே தாளிலோ துணியிலோ பொதிந்து மூடி வைக்கிறார்கள். வாழைத்தாரை மூடிப் பழுக்க வைப்பதுபோல என்று சொல்லலாம். பச்சை நிறம் மங்குகிறது, துவர்ப்புத் தணிகிறது, சுவை மென்மை பெறுகிறது.

இம்முறை எவ்வாறு தோன்றியிருக்கும்? மிங் அரசர் காலத்தில், 1597ஆம் ஆண்டில், சூ ட்சுஷூ என்பவர் தேயிலை பற்றி ஒரு நூல் எழுதினார். ஹுவோஷான் பகுதி மலைவாசிகளுக்குத் தேயிலை பக்குவம் செய்யத் தெரியவில்லை என்று அதில் குறைப்பட்டுக்கொண்டார். சூடு ஆறுமுன் பெரிய மூங்கிற் கூடைகளில் அடைத்து விடுகிறார்கள். நல்ல கொழுந்தும் மஞ்சளித்துப் போகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அவர் குறையென்று சொன்ன அதே செயலை நேரமும் அளவும் அறிந்து செய்தால் அது கலையாகிறது! இன்று அதே ஹுவோஷான் மஞ்சள் தேயிலைக்குப் புகழ்பெற்ற ஊர்.

ஹூனான் மாநிலத்துத் துங்திங் ஏரியில் சுன்ஷான் என்னும் சிறு தீவு உள்ளது. அங்கே விளையும் 'வெள்ளி ஊசி' மொட்டுகளால் மட்டுமே ஆனது. அதனைப் பக்குவப்படுத்த ஏறத்தாழ 3 நாள் ஆகும். 1956இல் ஜெர்மனியின் லைப்சிக் பொருட்காட்சியில் அது தங்கப் பதக்கம் பெற்றது.

ஆயினும், இந்தப் பொறுமையே அதற்கு இடையூறும் ஆயிற்று. மூடி வைக்கும் படியை விட்டுவிட்டால் கிடைப்பது பச்சைத் தேயிலை. அதற்கு உழைப்புக் குறைவு, வாங்குவோரும் மிகுதி. எனவே பலர் அந்தப் படியைக் கைவிட்டனர். வழக்கொழிந்திருந்த ஹுவோஷான் முறை 1970களின் தொடக்கத்தில்தான் மீட்கப்பட்டது. 2022இல் யுனெஸ்கோ சீனத் தேயிலைப் பக்குவ முறைகளை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. சுன்ஷான் முறையும் அவற்றுள் ஒன்று.

இதனைத் தயாரிப்பதிலும் பொறுமை தேவை. கொதிக்கும் நீரை அப்படியே ஊற்றலாகாது. கொதித்த நீரைச் சில நிமிடங்கள் ஆறவிட்டு, ஏறத்தாழ 80 பாகை வெப்பத்தில், 3 கிராம் தேயிலைக்கு ஒரு குவளை என்ற கணக்கில் ஊற்றவேண்டும். 3 நிமிடம் மூடி வைத்தால் போதும். பாலும் சீனியும் வேண்டா. கண்ணாடிக் குவளையாயின், வெள்ளி ஊசி மொட்டுகள் நீரில் நிமிர்ந்து நின்று, ஏறி இறங்கும் அழகையும் காணலாம். அதே தேயிலைக்கு மீண்டும் இருமுறை நீர் ஊற்றி அருந்தலாம்.

அவசரப்பட்டால் பச்சை, அளவு மீறினால் பாழ். இவ்விரண்டிற்கும் இடையே காத்திருக்கத் தெரிந்தவர்களின் கைகளில்தான் மஞ்சள் தேயிலை இன்றும் வாழ்கிறது.