மின்மறுப்பு நிறமாலையியல்
மின்கலத்தைப் பிரிக்காமலே அதன் உள்நிலையை அறிய உதவும் மின்வேதியியல் ஆய்வுமுறை. ஏறத்தாழ 10 மில்லிவோல்ட் மாறுமின்னழுத்தத்தைச் செலுத்தி, அதிர்வெண்ணைப் படிப்படியாகக் குறைத்தபடி மின்னோட்டத்தின் அளவையும் கட்ட வேறுபாட்டையும் அளந்து, மின்மறுப்பை, அதாவது மாறுமின்னோட்டத்துக்கான மொத்தத் தடையை, கணிப்பார்கள். 1 மில்லிஹெர்ட்சில் ஒரு சுழற்சிக்கே 1,000 நொடி பிடிக்கும், அவசரக்காரர்களுக்கு உகந்ததல்ல. மின்மறுப்பின் மெய்ப்பகுதியைக் கிடையச்சிலும் கற்பனைப்பகுதியை நிலையச்சிலும் குறிக்கும் நைக்விஸ்ட் வரைபடத்தில், லித்தியம்-அயனி மின்கலத்தின் வளைகோடு கிடையச்சை வெட்டும் இடம் மின்பகுளி முதலியவற்றின் தடையையும், அரைவட்டம் மின்முனைப் பரப்பில் மின்னூட்டம் கைமாறுவதற்கான தடையையும், 45 பாகையில் எழும் வால் அயனிகளின் விரவலையும் காட்டும். விரவலின் மின்மறுப்பை 1899இல் இயற்பியலாளர் எமில் வார்புர்க் விளக்கினார். இவற்றை மின்தடை, மின்தேக்கி போன்ற உறுப்புகளால் உருவகிக்க வேதியியலாளர் ராண்டில்ஸ் 1947இல் தந்த சமானச் சுற்று இன்றும் புழங்குகிறது. எரிபொருள் கலத்தின் சவ்வு உலர்ந்தால் உயர் அதிர்வெண் தடை கூடும். உணரிகளிலும் இம்முறை பயன்படுகிறது. ஒரே வளைகோட்டுக்கு வெவ்வேறு சமானச் சுற்றுகள் கச்சிதமாகப் பொருந்திவிடுவதுதான் இதன் தீராத தொல்லை.