பழைய யன்னல்களும் பயிர் வீடும்

இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் வீடுகளின் பின்வளவுகளிலே சில வேளை விநோதமான ஒரு குடிலைக் காணலாம். அதன் சுவர்கள் கல்லாலோ பலகையாலோ ஆனவையல்ல. பல வீடுகளிலிருந்து கழற்றியெடுக்கப்பட்ட யன்னல்கள். ஒன்று நெடியது, மற்றொன்று குறியது. ஒன்றின் சட்டத்தில் வெள்ளைப் பூச்சு, அடுத்ததிற் பச்சைப் பூச்சு. வாயிலில் தொங்குவதோ ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வீட்டு முன்கதவு. வெளியே நிலம் பனியால் விறைத்துக் கிடக்கையில் உள்ளே தக்காளி நாற்றுத் தளிர்த்து நிற்கும். கழித்துவிட்ட பொருள்களைக் கொண்டு கட்டிய குடில்தானே என்று எளிதிற் கடந்துபோகத் தோன்றும். ஆனால், கண்ணாடி கழிவுப் பொருளாவதற்கு முன் எத்தனை காலம் அரும்பொருளாய் இருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அக்குடிலுக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருப்பது தெரியவரும்.

குளிரிலிருந்து பயிரை ஒளிபுகும் கூரையினாற் காக்கும் எண்ணம் மிகப் பழையது. கி.பி. 14 முதல் 37 வரை உரோமாபுரியை ஆண்ட திபேரியஸ் பேரரசனுக்கு வெள்ளரி இனத்தைச் சேர்ந்த ஒரு காயில் அடங்காத விருப்பம். அவனுடைய தோட்டக்காரர் பாத்திகளைச் சில்லுகளின் மேல் அமைத்து, வெயில் எறிக்கும் நாள்களில் வெளியே தள்ளினர். குளிர் நாள்களில் ஒளிபுகும் கற்றகடுகள் பொருத்திய சட்டங்களின் கீழே இழுத்துவிட்டனர். இதனை எழுதி வைத்தவர் பிளினி என்னும் உரோம அறிஞர். ஓர் அரசனின் நாவுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. உரோமாபுரியின் உழவன் வீட்டு வெள்ளரிக்கு அத்தகைய கூரை கிடைத்திருக்கப் போவதில்லை.

பிற்காலத்து ஐரோப்பாவிலும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தோடை மரங்களைப் பனிக்காலத்தில் வைத்துக் காப்பதற்கென்று பிரபுக்கள் பெரிய யன்னல்கள் கொண்ட மனைகளைக் கட்டினர். தோடம்பழம் அவர்களுடைய செல்வத்தின் அடையாளமாயிற்று. இங்கிலாந்திலோ இயற்கையின் குளிர் போதாதென்று அரசாங்கத்தின் வரியும் வந்து சேர்ந்தது. 1696ஆம் ஆண்டில் யன்னல் வரி விதிக்கப்பட்டது. வீட்டில் எத்தனை யன்னல்கள் உளவோ அதற்கேற்ற வரி. வரிக்கு அஞ்சியவர்கள் யன்னல்களைச் செங்கல்லால் அடைத்தனர். அவ்வாறு அடைத்த குருட்டு யன்னல்களைப் பழைய ஆங்கில வீடுகளில் இன்றுங் காணலாம். இதன் மேலும், 1745ஆம் ஆண்டிற் கண்ணாடி மீது எடைக்கேற்ற தீர்வையொன்று விதிக்கப்பட்டது. கண்ணாடி செய்வோர் எடையைக் குறைப்பதிலேயே கருத்தாயினர். யன்னலுக்கு ஒரு வரி, யன்னலில் இடும் கண்ணாடிக்கு மற்றொரு வரி! சூரியன் இலவசமாகத் தந்த ஒளி, வீட்டுக்குள் நுழைவதற்கு இரு முறை கட்டணம் செலுத்த வேண்டியதாயிற்று. ஏழைகளின் இருண்ட அறைகளில் நோய் பெருகுவதற்கு இவ்வரிகளும் ஏதுவாயின என்று மருத்துவர்கள் நெடுநாள் முறையிட்டனர். மனிதர் வாழும் அறைக்கே ஒளி அரிதாயிருந்தபோது செடிக்கென்று கண்ணாடி வீடு கட்ட எவரால் இயலும்?

இயன்றவர் சிலர் இருக்கவே செய்தனர். டார்பிஷயரில் உள்ள சாற்ஸ்வேத் மாளிகையில் டெவன்ஷயர் கோமகனிடம் தலைமைத் தோட்டக்காரராகப் பணியாற்றியவர் ஜோசப் பாக்ஸ்டன். உழவர் குடியிற் பிறந்தவர். கட்டடக் கலையை எந்தக் கல்லூரியிலும் பயிலாதவர். 1836ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய பெருங் கண்ணாடி மனை 277 அடி நீளமும் 67 அடி உயரமும் கொண்டதாய் எழுந்தது. வெப்ப நாடுகளின் மரங்கள் அதனுள் நின்று வளர்ந்தன. நிலத்தின் கீழே நிலக்கரி உலைகள் எரிந்தன. அவற்றின் வெந்நீர்க் குழாய்கள் மனையைச் சூடாக்கின. 1843ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியார் குதிரை வண்டியில் அமர்ந்தபடியே அதனுள்ளே சென்று வந்தார். இவையெல்லாம் கண்ணாடித் தீர்வை நடைமுறையில் இருந்த காலத்திலேயே நடந்தவை. கோமகனின் செல்வத்துக்கு வரி ஒரு தடையன்று.

பிரதம மந்திரி றோபேட் பீல் 1845ஆம் ஆண்டிற் கண்ணாடித் தீர்வையை நீக்கினார். யன்னல் வரி 1851ஆம் ஆண்டில் ஒழிந்தது. அதே ஆண்டு மே மாதம் 1ஆம் திகதி இலண்டன் ஹைட் பூங்காவிற் பெருங் கண்காட்சி திறந்து வைக்கப்பட்டது. அக்கண்காட்சிக்கெனப் பாக்ஸ்டன் வகுத்த பளிங்கு மாளிகை 1,848 அடி நீளமானது; ஏறத்தாழ 3,00,000 கண்ணாடித் தகடுகளைக் கொண்டது. வரி நீங்கியிராவிடின் இத்தனை கண்ணாடியை ஒரு கட்டடத்துக்குச் செலவிட எவரும் துணிந்திருக்கமாட்டார்.

பளிங்கு மாளிகையின் அளவைக் கண்டு வியந்தவர் பலர். இங்கு நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதன் தகடுகளும் சட்டங்களும் இரும்புத் தூண்களும் அளவொத்தவையாய்ச் செய்யப்பட்டிருந்தன. ஆகையாற் கண்காட்சி முடிந்தபின் மாளிகையைத் துண்டு துண்டாகக் கழற்றி இலண்டனின் தெற்கேயுள்ள சிடன்ஹாம் குன்றுக்குக் கொண்டுசென்று, மேலும் பெரிதாக்கி, 1854ஆம் ஆண்டில் மீண்டும் திறந்தனர். 1936ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் திகதி இரவு தீக்கிரையாகும் வரை அது அங்கேயே நின்றது. பயன்படுத்திய கண்ணாடியையும் சட்டத்தையும் கொண்டு மறுபடி கட்டப்பட்டவற்றுள் இதனிலும் பெரியது அந்நூற்றாண்டில் இல்லை எனலாம். பின்வளவில் பழைய யன்னல்களை அடுக்குபவன் செய்வதும் அதே வேலைதான். அளவில் மாத்திரமே வேற்றுமை.

பாக்ஸ்டன் பெரியோருக்கு மட்டும் கட்டியவரல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1858ஆம் ஆண்டில் அவர் ஒரு சிறு கண்ணாடிக் குடிலுக்குக் காப்புரிமை பெற்றார். சட்டமிட்ட கண்ணாடிக் கதவுகள் போன்றவற்றை இரு புறமும் சாய்த்து நிறுத்தி உச்சியிலே பிணைத்துவிட்டாற் குடில் ஆயத்தமாகும். வாடகை வீட்டில் இருப்பவன் வீடு மாறும்போது அதனையும் கழற்றி எடுத்துச் செல்லலாம். இலட்சக்கணக்கானோருக்கான வெப்பமனை என்ற பொருள்படும் பெயரில் அது விற்கப்பட்டது. எனினும் புதிதாய் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருள் அது. தொழிலாளியின் கைக்கு அது எளிதிற் கிட்டவில்லை. அவனுடைய கைக்குக் கண்ணாடி வந்து சேர்ந்தது வேறொரு வழியில். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர், வீட்டின் வெப்பம் வெளியேறாதிருக்க இரட்டைக் கண்ணாடி யன்னல்களைப் பொருத்தும் வழக்கம் மேனாடுகளிற் பரவிற்று. நல்ல மரத்தாற் செய்த பழைய யன்னல்கள் தெருவோரத்திற் குவிந்தன. நூறாண்டு காலம் வரி விதிக்கப்பட்ட பொருளை, எடுத்துச் செல்பவர் உண்டானாற் போதுமென்று மக்கள் வீட்டு வாயிலில் வைத்தனர்.

இவ்வாறு கிடைத்தவற்றாற் குடில் கட்டும் முறை வழக்கமான கட்டட முறைக்கு நேர்மாறானது. வீடு கட்டுவோர் முதலிற் சட்டகத்தை நிறுத்திப் பின்னர் அதற்கேற்ற யன்னலைச் செய்விப்பர். இங்கே யன்னல் முந்திவிடுகிறது; சட்டகம் அதற்கு இணங்க வேண்டும். ஆகவே அனுபவமுள்ளவர் மரத்தைத் தொடுமுன் எல்லா யன்னல்களையும் புற்றரையில் கிடத்தி, இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, நான்கு சுவர்களையும் தரையிலேயே அமைத்துக்கொள்வர். இடைவெளிகளைப் பலகையால் நிரப்புவர். காய்ந்துபோன மக்கைச் சுரண்டிப் புது மக்கு இடுவர். பழைய பூச்சில் ஈயம் இருக்கக்கூடுமாகையால் அதன் தூள் மூக்கிலோ மண்ணிலோ சேராதபடி காத்துக்கொள்வர். ஐக்கிய அமெரிக்காவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் தடைசெய்யப்பட்டதே 1978ஆம் ஆண்டிற்றான். கூரைக்குச் சாதாரண யன்னற் கண்ணாடியை இடுவது ஆபத்தானது; உடைந்தால் தலைமேல் விழும்.

குடில் எவ்வாறு சூடாகிறது? கதிரவனின் ஒளி கண்ணாடியூடே புகுந்து மண்ணைச் சூடாக்குகிறது. மண் காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலெழுந்து போய்விடாதபடி கண்ணாடி மறிக்கிறது. மண்ணிலிருந்து எழும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி தடுத்து வைப்பதே முதற் காரணமென்று முன்னர் கருதினர். அமெரிக்க பௌதிகவியலாளர் றோபேட் வூட் 1909ஆம் ஆண்டில் இரு பெட்டிகளை எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும் மற்றொன்றை வெப்பக் கதிர்களைத் தடுக்காத பாறையுப்புத் தகட்டாலும் மூடி வெயிலில் வைத்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு சூடாயின. காற்றை அடைத்து வைப்பதே முதன்மையான காரணம் என்பது புலனாயிற்று. அடைத்த காற்றை வேண்டியபோது வெளிவிடவும் வேண்டும். இன்றேல் கோடையில் ஒரே நண்பகலிற் பயிர் வெந்துவிடும். பழைய யன்னலின் சிறப்பு இங்கேதான் தெரிகிறது. அதற்குப் பிணைச்சலும் கொளுக்கியும் பிறவியிலேயே உண்டு. திறப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருளல்லவா அது!

இனி, இக்குடில்கள் அனைத்திலும் சிறியதும், நமது தீவின் வரலாற்றோடு பிணைந்ததுமான ஒன்றைப் பற்றிக் கூறுதல் வேண்டும். கிழக்கு இலண்டனில் துறைமுகத்தை அண்டிய பகுதியில் நதானியேல் வார்ட் என்னும் மருத்துவர் வாழ்ந்தார். அவர் ஆசையோடு வளர்த்த பன்னங்கள் நிலக்கரிப் புகையால் மாண்டுபோயின. 1829ஆம் ஆண்டில், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை ஈர மண்ணோடு கண்ணாடிச் சாடியில் இட்டு மூடி வைத்திருந்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்டது, மண்ணிலிருந்து முளைத்தெழுந்த ஒரு சிறு பன்னத்தையும் ஒரு புல்லையும்! பகலில் ஆவியான நீர் கண்ணாடியிற் படிந்து மீண்டும் மண்ணுக்கு வடிந்தது, புகை உட்புகவில்லை. இந்த உண்மையைக் கொண்டு அவர் மரத்தாலும் கண்ணாடியாலும் பெட்டிகள் செய்வித்தார். 1833ஆம் ஆண்டில் இரண்டு பெட்டிகள் கப்பலின் மேற்றட்டிலே அவுஸ்திரேலியாவுக்குப் போயின. பல மாதக் கடற் பயணத்தின் பின்னும் உள்ளே செடிகள் உயிரோடிருந்தன. அதே பெட்டிகள் அந்நாட்டுச் செடிகளோடு இலண்டனுக்குத் திரும்பின.

அதுவரை, கடல் கடந்த செடிகளிற் பெரும் பகுதி உப்புக் காற்றாலும் நன்னீர்க் குறைவாலும் வழியிலேயே பட்டுப்போயின. வார்ட்டின் பெட்டி அந்நிலையை மாற்றிற்று. கிழக்கிந்தியக் கம்பனியார் 1848ஆம் ஆண்டில் அனுப்பிய றோபேட் போர்ச்சூன், சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இத்தகைய பெட்டிகளில் இமயமலைச் சாரலுக்குக் கொண்டுவந்தார். பெட்டி எப்போதும் வெற்றி தந்ததென்று கொள்ளலாகாது. 1860ஆம் ஆண்டளவில் கிளெமென்ற்ஸ் மார்க்கம் தென்னமெரிக்காவிலிருந்து நீலகிரிக்குக் கொணர்ந்த சிங்கோனாக் கன்றுகளிற் பெரும்பாலானவை வழிநெடுகப் பட்ட வெப்பத்தால் அழிந்தன. காற்றை அடைத்து வைப்பதன் மறுபக்கம் அது.

இலங்கையில் 1869ஆம் ஆண்டிற் கோப்பிச் செடியை இலைத்துரு நோய் பற்றிக்கொண்டது. தோட்ட உடைமையாளர் வேறு பயிர் தேடினர். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். கண்ணாடி மனைகளில் விதைக்கப்பட்ட அவற்றுள் முளைத்தவை 2,700 அளவில். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் 1,919 கன்றுகள் வார்ட்டின் பெட்டிகள் 38இல் அடுக்கப்பட்டு, காவலுக்கு ஒரு தோட்டக்காரரும் உடன்வர, இலங்கைக்குக் கப்பலேறின. பெரும்பாலானவை பழுதின்றி வந்து சேர்ந்தன. அவற்றுக்கெனக் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் ஒரு பூங்கா அமைக்கப்பட்டது.

அதே காலத்தில் அத்தோட்டங்களில் உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ் மக்கள் எவ்வாறு பயணஞ் செய்தனர் என்பதையும் அருகில் வைத்துப் பார்த்தல் வேண்டும். அவர்கள் இராமேசுவரம் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை கால்நடையாகச் சென்றனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டவர் அநேகர். இறப்பர்க் கன்றுக்கு ஒரு காவற்காரர் இருந்தார். உப்புக் காற்றுப் படாத கண்ணாடிக் கூரை இருந்தது. எத்தனை கன்றுகள் ஏற்றப்பட்டன என்ற கணக்கு ஒன்று குறையாமல் எழுதப்பட்டிருக்கிறது. அந்நடைவழியில் இறந்தோரின் கணக்கை அவ்வாறு எவரும் எழுதிவைக்கவில்லை. மலையை அடைந்தவர்களுக்குக் கிடைத்த லயன் அறைகளிற் பலவற்றுக்கு ஒரு வாயில் மாத்திரமே உண்டு, யன்னல் கிடையாது. இங்கிலாந்தில் யன்னல் வரி ஒழிந்து கால் நூற்றாண்டு ஆன பின்னரும் இந்த நிலை.

ஹெனரத்கொடை மரங்கள் 1881ஆம் ஆண்டிற் பூத்தன. அவற்றின் விதைகளிலிருந்து இத்தீவின் இறப்பர்த் தோட்டங்கள் கிளைத்தன. கன்றுகளைச் சுமந்து செல்லும் இத்தகைய பெட்டிகள் ஒரு பயணத்தோடு ஒழித்துவிடப்படுவதில்லை. உடைந்த தகடுகளை மாற்றி, புது மண்ணும் புதுச் செடியும் இட்டு, வந்த வழியே மறுபடியும் அனுப்புவது வழக்கம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆகாய விமானமும் பிளாஸ்டிக்குப் பையும் அந்த வேலையை மேற்கொண்ட பின்னரே மரச்சட்டப் பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கப்பற் றட்டிலிருந்து மறைந்தன.