குருவிட்ட: மண்ணுக்குள் இருக்கும் வண்ண வரிகள்

பெரு நாட்டின் வினிகுங்கா மலையின் படம் முகநூலில் அடிக்கடி கண்ணில் படுகிறது. 5,000 மீற்றருக்கு மேல் உயரத்தில், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக வரிவரியாய்க் கிடக்கும் மலை அது. சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் இரும்பு தந்த நிறங்கள். நமது ஈரவலயத்தில் அப்படி ஒன்றைக் காண முடியாது. காடும் தேயிலையும் இறப்பரும் பாறையை மூடிவிடுகின்றன. ஆனால் குருவிட்டவில் குனிந்து பார்த்தால் வரிகள் தெரியும்.

கொழும்பிலிருந்து அவிசாவளை வழியாகச் செல்லும் பேருந்தில், இரத்தினபுரிக்குச் சற்று முன்னர் இறங்க வேண்டும். வயல்களுக்கு நடுவே மாணிக்கக் குழிகள் இருக்கின்றன. சதுரமாக வெட்டி, மரச்சட்டம் கொடுத்து, இடுக்குகளில் இலைதழை திணித்திருப்பார்கள். மேலே கறுத்த வயல்மண், கீழே களியும் மணலும், அதற்கும் கீழே கூழாங்கல் படை. இந்தப் படையைத்தான் 'இல்லம்' என்கிறார்கள் (வீடல்ல, சிங்களச் சொல்). 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பூமிக்குள் வெந்து உருமாறிய மலைப்பாறைகள் சிதைந்து, ஆற்றோடு வந்து படிந்தவை இவை.

கூடையில் அரித்தால், அதிர்ஷ்டமிருந்தால், நீலக்கல்லோ சிவப்புக்கல்லோ புஷ்பராகமோ அகப்படும். மூன்றும் ஒரே கனிமந்தான். இரும்பும் டைட்டேனியமும் சேர்ந்தால் நீலம். குரோமியம் கலந்தால் சிவப்பு. அந்தக் கனிமத்துக்கு உலகம் வைத்திருக்கும் 'கொரண்டம்' என்ற பெயரே நமது 'குருந்தம்' என்ற சொல்லிலிருந்து போனதுதான்.

அருகில் பட்டதொம்பலென குகையும் உண்டு. 30,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனித எச்சங்களும் சின்னஞ்சிறு கற்கருவிகளும் அங்கே கிடைத்தன. எரத்ன வழியாகச் சிவனொளிபாத மலைக்கும் ஏறலாம். நீளமான, கடினமான பாதை. அட்டைகளும் உண்டு.

வன்னி வாசகர்கள் சிலருக்கு இது புதிய ஊராக இராது. 1977, 1981, 1983 வன்செயல்களில் சப்ரகமுவ தோட்டங்களைவிட்டு ஓடி, வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரிப் பக்கத் தமிழர்கள் குறிவைத்துத் தாக்கப்பட்டார்கள். அம்மம்மா சொன்ன லயனைத் தேடி வரும் பேரப்பிள்ளைக்கு, மாணிக்கக் குழியைவிட அந்த லயன்தான் முக்கியமாக இருக்கும்.

குழியில் எடுக்கும் கல்லை விற்ற பணத்தில் அனுமதிப்பத்திரக்காரர், முதலாளி, தொழிலாளர் ஆகியோருடன் காணிச் சொந்தக்காரருக்கும் பங்குண்டு. நான்கு தலைமுறை வாழ்ந்தும் காணி உறுதி இல்லாத லயன் குடும்பத்துக்கு அந்தப் பங்கு கிடையாது. குழியில் இறங்கினால் கூலியோ தொழிலாளர் பங்கோ கிடைக்கும், அவ்வளவுதான்.

போகிறவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை போவது நல்லது. மே மாத மழை ஆபத்தானது. 2003 மே மாதத்தில் இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் பல உயிர்களைக் கொண்டுபோயின. வேலை நடக்கும் குழிக்கு அருகே போக அங்குள்ளவர்களிடம் அனுமதி கேளுங்கள். மூடாமல் கைவிட்ட குழிகளில் தண்ணீர் நிறைந்து, மேலே புல் படர்ந்திருக்கும். பிள்ளைகளோடு போனால் வரம்பைவிட்டு இறங்க வேண்டாம்.