பிட்டு ஒட்டின கை

1982ல் அமெரிக்காவில் ‘பிளேடு ரன்னர்’ வந்தது. அதே வருஷம், அணுப்போருக்குப் பிந்தைய உலகில் நடக்கும் ‘கஃபே ஃபிளெஷ்’ என்ற பலான படமும் வந்தது. நம்மூரில் எதிர்காலமும் உடம்பும் ஒரே படத்தில் சேரவில்லை. 1952ம் ஆண்டு சினிமா சட்டத்தில் பலான படத்துக்கென்று தனிச் சான்றிதழ் கிடையாது. எதிர்காலக் குற்றம், 1986ல் சுஜாதாவின் எழுத்தில் ‘விக்ரம்’ ஆனது: திருடுபோன ஏவுகணை, கம்ப்யூட்டர். உடம்போ, காலைக் காட்சி ரீல்களுக்கு நடுவே ஒட்டின ‘பிட்’டாக வந்தது. திருநின்றவூர்ல லோக்கல் ட்ரெயின் ஏறி, தெரிஞ்ச முகம் இல்லாத தியேட்டருக்குப் போனவன் தன் முகத்தை மறைச்சுக்கலாம். பிட்டில் இருந்த பெண்ணுக்கு, தான் எந்தப் படத்துக்குள்ள ஓடுறோம்னாவது தெரிஞ்சிருக்குமா? இன்னிக்கு டீப்ஃபேக்கிலும் அதே கேள்விதான். ஒட்டுற வேலையை மட்டும் மெஷின் செய்யுது. அந்த மாதிரி மெஷினுக்குக் கோடு எழுதுறவங்க என்னை மாதிரி ஆளுங்கதான்.