பணியிடப் பாதுகாப்புப் படிப்பு: பணம் கட்டும் முன் கவனிக்க வேண்டியவை

போடிநாயக்கனூரிலிருந்து காலையில் ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டு செல்கின்றன. மலைப்பாதை வளைவுகள், மருந்து தெளிப்பு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் சூடு என அவர்கள் வேலையில் ஆபத்து பல உண்டு. அதை முன்கூட்டியே கண்டு தடுக்கும் கல்விதான் பணியிடப் பாதுகாப்பு மேலாண்மை.

பாடம் இணையத்திலும் செய்முறை நேரிலுமாக இப்படிப்பு இன்று கிடைக்கிறது. வளைகுடா வேலையை எண்ணி நம் பிள்ளைகளும் சேர்கிறார்கள். சேர்க்கும் முன் இவற்றைப் பார்ப்போம்.

பட்டம் என்று சொன்னால், அந்தப் படிப்புக்கு யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு அனுமதி தந்துள்ளதா என்று அதன் பட்டியலில் சரிபார்க்க வேண்டும். வளைகுடாவில் கேட்கப்படும் 'நெபோஷ்' பொதுச் சான்றிதழ் பிரிட்டன் அமைப்பு வழங்குவது. அது பட்டம் அல்ல.

நம் நாட்டுத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக, பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ, அல்லது இயற்பியல், வேதியியல் பட்டமோ தேவை. அதோடு பணி அனுபவமும், அரசு ஏற்ற தொழிற்பாதுகாப்பு டிப்ளமோவும் வேண்டும். பி.ஏ. முடித்தவர் இதை முதலிலேயே அறிவது நல்லது.

2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 500 பேர் பணிபுரியும் தொழிற்சாலைக்கும், அபாயகரமான தொழில் என்றால் 250 பேருக்கும் இந்த அதிகாரியைக் கட்டாயமாக்குகிறது. தோட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பூச்சிமருந்தைக் கையாள்வதில் தொழிலாளியைக் காக்கும் பொறுப்பு முதலாளிக்கு உண்டு.

ஆகவே, வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும், கற்ற பிள்ளை மலையேறும் நம் உறவுகளிடம் கையுறையும் முகக்கவசமும் ஏன் என்று எடுத்துச் சொல்லட்டும். உயிர் ஓர் அமானிதம்.