சாஸ்நாலா: சுவருக்கு அப்பால் இருந்த தண்ணீர்



1943 டிசம்பரில் பாபாசாகேப் அம்பேத்கர் தன்பாத் நிலக்கரி வயலுக்கு வந்தார். அப்போது அவர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் துறை உறுப்பினர். அதிகாரிகளின் அறிக்கையோடு நின்றுவிடாமல் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கினார். தொழிலாளர் குடியிருப்புகளையும் பார்த்தார். மறு ஆண்டே நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் நலநிதிக்கான அவசரச் சட்டம் வந்தது. வீடு, மருத்துவம் ஆகியவை முதலாளியின் தயவு என்பது மாறி, சட்டத்தின் பொறுப்பாயின.

32 ஆண்டுகள் கழித்து, 1975 டிசம்பர் 27 அன்று, அதே தன்பாத்தின் சாஸ்நாலா சுரங்கத்தில் வெள்ளம் புகுந்தது. மேலே கைவிடப்பட்டிருந்த பழைய சுரங்கப் பகுதியில் தேங்கிக் கிடந்த தண்ணீர், இடையிலிருந்த நிலக்கரிச் சுவரை உடைத்துக்கொண்டு இறங்கியது. 370-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். உடல்களை எடுப்பதற்கே பல வாரங்கள் தண்ணீரை இறைக்க வேண்டியிருந்தது.

இதை இயற்கைச் சீற்றம் என்று நாம் ஏற்க முடியாது. நீர் தேங்கிய பழைய சுரங்கத்தை நெருங்கும்போது போதுமான தடுப்புச்சுவர் விட வேண்டும், முன்கூட்டியே துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்பது சுரங்கத் தொழிலின் பாலபாடம். தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் அலுவலகத்தின் சொத்து; அந்தச் சுவரருகே நின்று வெட்டுவது தொழிலாளியின் வேலை. அறிவு ஓரிடத்தில், ஆபத்து வேறிடத்தில். இந்தப் பிரிவினை நமக்குப் புதிதா? ஜாரியா வயலில் தலைமுறைகளாகக் கரி வெட்டியும் சுமந்தும் வந்தவர்களில் பாவுரிகள், புயியாக்கள், சந்தால்கள் ஏராளம். சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளரையே பிரிக்கிறது என்றார் பாபாசாகேப். சுரங்கம் அதை ஆழத்தின் கணக்கிலும் பிரித்தது.

அது நெருக்கடி நிலைக் காலம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை, வேலைநிறுத்தத்துக்கு ஒடுக்குமுறை. சுரங்கமோ அரசின் நிர்வாகத்திலிருந்த இந்திய இரும்பு எஃகு நிறுவனத்தினுடையது. தனியார் முதலாளி போனால் போதும், உயிர் காக்கப்படும் என்ற நம்பிக்கையும் அங்கே மூழ்கியது.

1979-இல் வந்த 'காலா பத்தர்' இந்திப் படம் இந்த விபத்தை நாடறியச் செய்தது. ஆனால் அதன் நாயகன் கப்பலிலிருந்து வந்த முன்னாள் கேப்டன். தலைமுறையாகக் கரி வெட்டியவன் அல்லன். நீதிமன்றமோ 2012-இல்தான், 36 ஆண்டுகள் கடந்து, அதிகாரிகள் இருவரைத் தண்டித்தது. கிடைத்தது ஓராண்டுச் சிறை.

நலநிதி தேவை; அதைப் பெற்றுத் தந்தவரை மறவோம். ஆனால் நலம் வேறு, அதிகாரம் வேறு. வரைபடத்தைப் பார்க்கும் உரிமையும், ஆபத்தென்றால் இறங்க மறுக்கும் உரிமையும் கூலி இழப்பின்றிக் கிடைக்காதவரை இழப்பீடு சாவுக்கான விலையாகவே இருக்கும். ஒப்பந்தக் கூலிகளாக இன்று இறங்குகிறவர்களுக்கு அந்த இரண்டு உரிமைகளையும் கேட்பதே சாஸ்நாலாவில் மாண்டவர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.